ஸ்பேம் ஸ்கோர் 44: முந்திரிக் கடைத் தளத்தைச் சுத்தம் செய்த ஏழு மாதங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அண்ணன் முந்திரிப் பருப்புக் கடை வைத்திருக்கிறார். கொட்டை உடைப்பது, தோல் எடுப்பது, தரம் பிரிப்பது எல்லாம் பண்ருட்டிப் பக்கத்தில், எங்கள் பழைய வீட்டை ஒட்டிய கொட்டகையில் நடக்கிறது. கணக்கு எழுதுவதும் கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. கணினிப் படிப்பு எதுவும் நான் படித்ததில்லை. தேவைப்பட்டபோது தேவைப்பட்டதைக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்தத் தளம் எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, அப்பா நட்டு வளர்த்த முந்திரி மரங்கள் ஏறக்குறைய அனைத்தும் வேரோடு சாய்ந்தன. ஒட்டுக்கன்று வாங்கி நட்டோம். நல்ல காய்ப்பு வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன. தோப்பை நம்பியிருந்த குடும்பம், கொட்டை வாங்கி உடைத்துப் பருப்பாக விற்கும் குடும்பமாக மாறியது. பிறகு கொரோனா ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது, ஒரு தம்பியைப் பிடித்துத் தளம் ஒன்று செய்து வாங்கினோம். கோயம்புத்தூர், பெங்களூரு, மும்பை என்று பார்சல் போகத் தொடங்கியது. எங்களுக்கு அது இரண்டாவது தோப்பு.

ஒரு தீபாவளிக்கு முந்தைய மாதம், பார்சல்கள் பெருக வேண்டிய நேரத்தில், ஆர்டர்கள் பாதியாகக் குறைந்தன. அதே வாரத்தில் இணைய விளம்பர நிறுவனம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் கடைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து காட்டினார். திரையில் பெரிய எழுத்தில் 44 சதவீதம்.

"மேடம், இது உங்கள் தளத்தின் ஸ்பேம் ஸ்கோர். வேறு தளங்களிலிருந்து உங்களுக்கு வரும் இணைப்புகளில், அதாவது பேக்லிங்க்கில், கெட்டவை நிறைய சேர்ந்துவிட்டன. இப்படியே விட்டால் கூகுள் உங்களைத் தேடலிலிருந்து தூக்கிவிடும்" என்றார். 18 ஆயிரம் ரூபாய் கொடுத்தால் ஒரு மாதத்தில் ஒற்றை இலக்கத்துக்கு இறக்கிவிடுவதாகவும் சொன்னார்.

அவர் போனதும் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "பாப்பா, நீயே விசாரித்துச் சொல். கொடுக்கலாமா, வேண்டாமா?"

பத்து நாள் அவகாசம் கேட்டேன். வேலை முடிய ஏழு மாதங்கள் ஆயின.

முதலில் அந்த எண்ணைப் பற்றித் தேடிப் படித்தேன். ஸ்பேம் ஸ்கோர் கூகுள் கொடுக்கும் மதிப்பெண் இல்லை. மோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் கருவியில் காட்டும் கணக்கு அது. 2015-இல் 17 அடையாளங்களை வைத்து அதைத் தொடங்கினார்கள். 2018-இல் மாற்றி அமைத்து 27 அடையாளங்கள் ஆக்கினார்கள். 44 சதவீதம் என்றால் தளத்தில் நூற்றுக்கு 44 பங்கு கெட்டுப்போய்விட்டது என்று பொருள் இல்லை. எங்கள் தளத்தைப் போன்ற தோற்றமுள்ள தளங்களில், நூற்றுக்கு 44 கூகுளால் தண்டிக்கப்பட்டவையாகவோ நீக்கப்பட்டவையாகவோ இருந்ததை மோஸ் கண்டிருக்கிறது என்றுதான் பொருள். 30 வரை குறைவு, 31 முதல் 60 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். அதிகம் என்று வந்தாலும் அந்தத் தளம் ஸ்பேம் என்று தீர்ப்பாகிவிடாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்ற குறிப்புதான் என்று மோஸே எழுதி வைத்திருக்கிறது. கூகுள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை.

அந்த 27 அடையாளங்களைப் படித்தபோது ஒன்று என்னை நிறுத்தியது. பெரும்பாலானவை பேக்லிங்க் சம்பந்தப்பட்டவையே இல்லை. தளத்தில் தொலைபேசி எண் இருக்கிறதா, மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா, பக்கங்கள் மிகக் குறைவாக இருக்கின்றனவா, டொமைன் பெயர், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், நீளமா, அதில் எண்களும் இடைக்கோடுகளும் இருக்கின்றனவா, தளம் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான முகவரியில் திறக்கிறதா, பிரௌசர் தாவலில் சிறு சின்னம் தெரிகிறதா, இப்படிப் போகிறது பட்டியல்.

எங்கள் தளத்தை அந்தக் கண்ணோடு திறந்து பார்த்தேன். டொமைன் பெயரில் இரண்டு இடைக்கோடுகள், ஓர் எண். சின்னம் கிடையாது. எச்டிடிபிஎஸ் சான்றிதழ் இருந்தும் பழைய முகவரியிலிருந்து அதற்குத் திருப்பிவிடும் ஏற்பாடு செய்யவில்லை. தொலைபேசி எண்? இருந்தது, ஆனால் அண்ணனின் விசிட்டிங் கார்டைப் படம் பிடித்து அப்படியே போட்டிருந்தோம். எழுத்தாக எங்கும் இல்லை. மோஸின் இயந்திரத்துக்குத் தெரியாதது இருக்கட்டும், செல்போனில் பார்க்கும் வாடிக்கையாளருக்கு அந்த எண்ணைத் தட்டினால் அழைப்பு போகாது. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு பிறகு டயல் செய்ய வேண்டும். எத்தனை பேர் அப்படிச் செய்திருப்பார்கள் என்று நினைத்து மனம் நொந்தேன்.

டொமைன் பெயரைத் தொடவில்லை. நான்கு ஆண்டுகளாகப் பையிலும் பில்லிலும் அச்சாகி ஊரெல்லாம் போன பெயரை ஒரு கருவியின் எண்ணுக்காக மாற்றுவது தவறு என்று இன்றும் நினைக்கிறேன். மற்றதையெல்லாம் இரண்டு நாளில் சரிசெய்தேன். எண்ணையும் முகவரியையும் எழுத்தாகப் போட்டேன். தளம் செய்து கொடுத்த தம்பி பக்கத்தின் நிரலுக்குள் மறைந்திருக்கும் மெட்டா கீவேர்டு என்ற இடத்தில் அறுபது எழுபது சொற்களைத் திணித்து வைத்திருந்தார். கூகுள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009-லேயே அறிவித்துவிட்டது. அதை அழித்தேன். டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்றால் என்ன என்று விளக்கி ஒரு பக்கம் எழுதினேன். ஒரு பவுண்டு எடையில் எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது. இதைத் தினமும் பத்துப் பேருக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தோம், தளத்தில் எழுதத் தோன்றவில்லை. இந்த வேலைகள் ஸ்கோருக்காகத் தொடங்கியவை என்றாலும், வாங்க வருகிறவருக்குத்தான் அதிகம் பயன்பட்டன.

ஆனாலும் ஆர்டர்கள் வரவில்லை. என் கவனம் பேக்லிங்க் பக்கம் போனது.

தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் இலவசமாகக் கொடுக்கும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் இணைப்புகள் என்ற பகுதி இருக்கிறது. எந்தெந்தத் தளங்கள் நம்மை நோக்கி இணைப்புக் கொடுக்கின்றன என்ற பட்டியலை அங்கிருந்து இறக்கிக்கொள்ளலாம். இறக்கினேன். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்கள். முந்திரிக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சூதாட்டத் தளங்கள், காலணி விற்கும் தளங்கள், படங்களைத் திருடிச் சேர்த்து வைத்திருக்கும் தளங்கள், எனக்கு எந்த மொழி என்றே தெரியாத பக்கங்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அண்ணனுக்கு இது போட்டியாளர் வேலை என்ற சந்தேகம் வந்துவிட்டது. பண்ருட்டியில் எங்களைப் போலவே இணையத்தில் விற்கும் வியாபாரி ஒருவர் இருக்கிறார். வாரச் சந்தை நாளில் இருவரும் சேர்ந்து டீ குடிப்பார்கள். அந்த மாதம் அண்ணன் அந்த டீக்கடைப் பக்கமே போகவில்லை. நானும் அவரைத் தடுக்கவில்லை, எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. அந்த மனிதருக்கும் இதற்கும் துளியும் சம்பந்தமில்லை என்பது பின்னால் தெரிந்தது. கெட்ட இணைப்புகளைப் பார்த்ததும் பகைவரைத் தேடுபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: யாரும் திட்டம் போடாமலே எந்தத் தளத்துக்கும் இப்படிக் குப்பை இணைப்புகள் வந்து சேரும். தானாக இயங்கும் நிரல்கள் ஊரெங்கும் பெயர்களைப் பொறுக்கிப் பக்கங்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. கூகுளுக்கும் இது தெரியும். 2012 ஏப்ரலில் தன் தேடல் முறையில் பெங்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது, கெட்ட இணைப்பு வைத்திருந்த தளங்கள் சரிந்து விழுந்தன. 2016-இல் அதை மாற்றி, அப்படிப்பட்ட இணைப்புகளுக்கு மதிப்பே கொடுக்காமல் ஒதுக்கும் முறைக்கு வந்தார்கள்.

இதை முதலிலேயே படித்திருந்தால் நான் அடுத்துச் செய்த தவற்றைச் செய்திருக்க மாட்டேன்.

டிஸவோ என்று கூகுளில் ஒரு கருவி இருக்கிறது, 2012 அக்டோபரில் வந்தது. "இந்தத் தளங்கள் எனக்குக் கொடுக்கும் இணைப்புகளை என் கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று நாம் எழுதிக் கொடுக்கும் மனு அது. இணைப்புகளுக்கு "நச்சு" மதிப்பெண் போடும் வேறொரு கருவியின் இலவச நாட்களைப் பயன்படுத்தி, அது சிவப்பாகக் காட்டியவற்றையெல்லாம் ஒரே கோப்பில் அள்ளிப்போட்டேன். 612 வரிகள். ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. ஏற்றிவிட்டு, பாரம் இறங்கியதுபோல் உட்கார்ந்தேன்.

மூன்று வாரம் கழித்து கடைக்கு ஒரு அம்மா வந்தார். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிறந்து, பாரிஸில் குடியேறியவர். விடுமுறைக்கு வந்திருந்தார். நான்கு கிலோ பருப்பு எடுத்துக்கொண்டு, "உங்கள் கடையைப் பற்றி நான் எழுதியிருக்கிறேனே, பார்த்தீர்களா?" என்று போனைத் திறந்து காட்டினார். பச்சை முந்திரிக் குழம்பு. சித்திரையில் பச்சைக் கொட்டையைக் கீறி, பால் கையில் படாமல் சாம்பல் தொட்டுப் பருப்பெடுத்து, அவருடைய அம்மா வைக்கும் குழம்பு. அடுப்படிப் படத்தோடு அவ்வளவு அழகாக எழுதியிருந்தார். கீழே, கொட்டை கிடைக்கும் இடம் என்று எங்கள் தளத்துக்கு இணைப்பு.

முகவரியைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. ஓர் இலவச வலைப்பூச் சேவையில் அவர் எழுதுகிறார். அந்தச் சேவையின் பெயரையே நான் டிஸவோ கோப்பில் ஒரு வரியாகப் போட்டிருந்தேன். டொமைன் என்று தொடங்கும் வரி, அந்தத் தளத்தின் கீழ் வரும் எல்லாக் கிளை முகவரிகளையும் சேர்த்தே விலக்கிவிடும். அங்கே இரண்டு குப்பை வலைப்பூக்கள் எங்களைச் சுட்டியதற்காக, அங்கிருந்து எங்களை மெய்யாகவே பாராட்டி எழுதிய எல்லோரையும் ஒரே வரியில் தள்ளிவிட்டேன்.

அவர் போனபின் கோப்பை வரிவரியாகப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவின் உபயதாரர் பட்டியல் அதில் இருந்தது. நான் படித்த கல்லூரியின் பழைய மாணவர் பக்கம் இருந்தது. எளிய, பழைய, சிறிய தளங்கள். அதனாலேயே கருவிகளின் கண்ணுக்குச் சந்தேகத்துக்குரியவை. எங்கள் தளத்துக்கு 44 போட்ட அதே காரணங்கள்தான் அவற்றுக்கும் மதிப்பெண் போட்டிருந்தன. இது புரிந்தபோது எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

அதன்பிறகுதான் நிதானமாக, கூகுள் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்ஷன் என்று ஒரு பக்கம் உண்டு. கூகுளின் ஆட்கள் நம் தளத்தைப் பார்த்துத் தண்டனை விதித்திருந்தால் அங்கே எழுதியிருக்கும். திறந்தேன். பச்சை டிக். எந்தச் சிக்கலும் இல்லை. அப்படியானால் எங்களைத் தூக்கப் போவதாகச் சொன்னது யார்? கூகுள் சொல்லவில்லை. மனுவுக்கும் அவசியம் இருக்கவில்லை. கெட்ட இணைப்புகள் கணிசமாக இருந்து, அவற்றால் தண்டனை வந்திருந்தாலோ வரக்கூடும் என்று தெரிந்தாலோ மட்டும் இந்தக் கருவியைத் தொடுங்கள் என்று அதன் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

பிறகு ஏன் ஆர்டர் விழுந்தது?

தேடல் பெட்டியில் சைட் என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் தளத்தின் பெயரைத் தட்டினால், அந்தத் தளத்தில் கூகுள் அறிந்துவைத்திருக்கும் பக்கங்கள் வரும். எங்களுக்கு இருந்தவை 38 பக்கங்கள். வந்தவையோ ஆயிரக்கணக்கில். முதல் நான்கைந்து எங்கள் பக்கங்கள். அதற்குக் கீழே முழுக்க ஜப்பானிய எழுத்து. எங்கள் கடைப் பெயரைத் தாங்கிய முகவரியில் கைப்பை, கைக்கடிகாரம், காலணி.

ஒன்றைத் தட்டினேன். "பக்கம் கிடைக்கவில்லை" என்று வந்தது. இன்னொன்று, அதுவும் அப்படியே. கூகுள்தான் குழம்பிவிட்டது போலும் என்று ஒரு கணம் நினைத்தேன். சர்ச் கன்சோலில் முகவரியைச் சோதிக்கும் வசதியில் அதே முகவரியைக் கொடுத்து, கூகுள் பார்க்கும் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். அங்கே முழுக் கடை விரிந்திருந்தது. நம் கண்ணுக்கு வெற்றுப் பக்கம், கூகுளின் நிரலுக்கு ஜப்பானியக் கடை. உள்ளே புகுந்தவர்கள் அப்படி ஆள் பார்த்துக் காட்டுகிறார்கள். அதனால்தான் தினமும் தளத்தைத் திறந்தும் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை.

என் கை நடுங்கியது இன்னொரு பக்கத்தைத் திறந்தபோது. சர்ச் கன்சோலின் அமைப்புகளில் பயனர்கள் என்ற இடத்தில், என் மின்னஞ்சலுக்குக் கீழே, உரிமையாளர் என்ற தகுதியோடு, எனக்குத் தெரியாத ஒரு முகவரி இருந்தது. எங்கள் வீட்டுப் பத்திரத்தில் முகம் தெரியாத ஒருவர் பெயர் ஏறியிருந்ததைப் பார்த்ததுபோல் இருந்தது. ஜப்பானியப் பக்கங்களைக் கூகுளுக்குப் பட்டியலிட்டுக் காட்டும் சைட்மேப் கோப்பையும் அவர்களே ஏற்றியிருந்தார்கள்.

வந்த வழியையும் கண்டுபிடித்தோம். எங்கள் தளம் ஓடும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு பிளக்இன்னின், அதாவது துணை நிரலின், பூட்டு உடைத்த நகலைப் போட்டிருந்தார் தளம் செய்தவர். எங்களுக்கு அவர் மிச்சப்படுத்திக் கொடுத்தது சில ஆயிரம் ரூபாய்.

சுத்தம் செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். தளத்துக்கு இடம் கொடுக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தில் முப்பது நாள் பேக்கப் இருந்தது. நோய் அதற்கும் மூத்தது, எனவே அது பயன்படவில்லை. கட்டுரைகளையும் படங்களையும் தனியே எடுத்துக்கொண்டு, வேர்ட்பிரஸை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து புதிதாக இறக்கி நிறுவினேன். பிளக்இன்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தேவையான ஐந்தை மட்டும் உரிய இடத்திலிருந்து போட்டேன். படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் கோப்புறைக்குள் பிஎச்பி என்ற நிரல் கோப்பு எதற்கு? மூன்று இருந்தன, பெயர் மட்டும் படக்கோப்பு போல. சர்வருக்குக் கட்டளை சொல்லும் எச்டிஆக்சஸ் கோப்பில் நான் எழுதாத வரிகள் இருந்தன. அந்த அந்நிய உரிமையாளரை நீக்கியபோது, அவர் தன்னை நிரூபிக்கப் பயன்படுத்திய கோப்பையும் சேர்த்து நீக்க வேண்டியிருந்தது. அதை விட்டுவைத்தால் மறுபடி உள்ளே வருவார். பிறகு ஹோஸ்டிங், டேட்டாபேஸ், எஃப்டிபி, வேர்ட்பிரஸ் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன்.

இதிலும் ஒரு தவறு செய்தேன். ஜப்பானியப் பக்கங்களைக் கூகுள் பார்க்கவே கூடாது என்று தேடல் நிரல்கள் எங்கே போகலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடை போட்டேன். இரண்டு வாரம் எதுவும் குறையவில்லை. தடை போட்டால் அந்தப் பக்கங்கள் அழிந்துவிட்டன என்பதைக் கூகுள் எப்படி வந்து தெரிந்துகொள்ளும்? தடையை எடுத்தேன். அந்த முகவரிகளைக் கேட்டால் 410, அதாவது "நிரந்தரமாக நீக்கப்பட்டது", என்று பதில் சொல்லுமாறு செய்தேன். "பக்கம் கிடைக்கவில்லை" என்ற 404 சொன்னாலும் வேலை நடக்கும். முகவரிகள் ஒரே மாதிரி தொடங்கியதால், நீக்கல் கருவியில் அந்தத் தொடக்கத்தைக் கொடுத்துத் தேடலிலிருந்து மறைக்கவும் செய்தேன். அந்த மறைப்பு ஏறத்தாழ ஆறு மாதம்தான் நிற்கும், அதற்குள் உண்மையான நீக்கம் நடந்துவிட வேண்டும்.

இனிச் சொல்வதுதான் எனக்கு மிகப் பெரிய பாடம். அந்தத் தொள்ளாயிரம் தளங்களின் பட்டியலை மறுபடி எடுத்து, அவை எங்கள் தளத்தில் எந்தப் பக்கத்தைச் சுட்டுகின்றன என்று பார்த்தேன். முக்கால்வாசிக்கு மேல் அந்த ஜப்பானியப் பக்கங்களைத்தான் சுட்டின. உள்ளே புகுந்தவர்கள் தாங்கள் பிடித்த தளங்களையெல்லாம் ஒன்றோடொன்று கோத்து வைத்திருந்தார்கள். எங்கோ ஒரு பள்ளியின் தளம், எங்கோ ஒரு பல் மருத்துவரின் தளம், எல்லாம் எங்களைப் போலவே திறந்து கிடந்த வீடுகள். அப்படியென்றால் எங்கள் தளமும் இத்தனை மாதங்களாக அவர்களைச் சுட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அஞ்சிய "கெட்ட பேக்லிங்க்" பட்டியல், இன்னொருவருடைய கணினியில் எங்கள் கடைப் பெயரையும் சேர்த்துக்கொண்டு இருந்திருக்கும்.

பக்கங்கள் அழிந்ததும் அந்த இணைப்புகள் இல்லாத கதவைத் தட்டுபவை ஆகிவிட்டன. அழிந்த பக்கத்துக்கு வரும் இணைப்பைக் கூகுள் கணக்கில் வைப்பதில்லை. டிஸவோ தேவைப்படவில்லை.

மிச்சம் இருநூறுக்குச் சற்று அதிகம். அவற்றைக் கையால் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். கிராமத்துக் கொட்டகையில், தரம் பிரிக்கும் மேசையின் ஓரத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒரு மாலைக்கு இருபது தளங்கள். எதிரே எங்கள் ஆயா உட்கார்ந்து பருப்புப் பொறுக்குவார். முழுசு, பிளவு, துண்டு, கருகல் என்று நான்கு தட்டு. கை நிற்காது. "அத்தனையும் திறந்து திறந்து பார்க்கிறாயே கண்ணு, மெஷின் இல்லையா இதற்கு?" என்று கேட்டார். இருந்தது, அதை நம்பித்தான் கெட்டேன் என்றேன். கருகல் தட்டிலிருந்து ஒரு பருப்பை எடுத்து விளக்குக்கு நேரே திருப்பினார். ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் வெள்ளை. "இது கருகல் இல்லை, தோல் ஒட்டியிருக்கிறது" என்று நகத்தால் கீறிவிட்டு முழுசுத் தட்டில் போட்டார். அந்த மாலைக்குப் பின், ஒரு தளத்தை அதன் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து நான் ஒதுக்கவில்லை.

அந்த இருநூறில் பெரும்பான்மை தானாக உருவான குப்பை. விட்டுவிட்டேன். நல்லவை முப்பத்து சொச்சம் இருந்தன. மீதி 61 தளங்கள் வேறு வகை. அவை எல்லாவற்றிலும் எங்கள் இணைப்பு ஒரே ஆங்கிலச் சொற்றொடரில் இருந்தது: மலிவு விலை முந்திரி வாங்க என்ற பொருளில், எழுத்துப் பிசகாமல், 61 இடத்தில். அவற்றை நான்தான் வாங்கினேன். தளம் தொடங்கிய ஆண்டில், ஐந்நூறு பேக்லிங்க் ஆறாயிரம் ரூபாய் என்ற விளம்பரத்தை நம்பி அண்ணனிடம் பணம் கேட்டு வாங்கிக் கட்டினேன். மற்ற குப்பைக்கு நாங்கள் பொறுப்பில்லை, இதற்கு நான் பொறுப்பு. காசு கொடுத்து இணைப்பு வாங்கித் தேடலில் மேலே வர முயல்வது கூகுளின் விதிகளுக்கு நேர் எதிரானது. தண்டனை வந்திருந்தால் இதனால்தான் வந்திருக்கும். விளம்பரமாகக் கொடுக்கும் இணைப்பில் அதற்கான குறியை இட வேண்டும் என்பது விதி, இவற்றில் எதிலும் இல்லை.

முதலில் எடுக்கச் சொல்லி எழுதினேன். முகவரி கிடைத்த 40 பேருக்கு மின்னஞ்சல் போட்டதில் ஏழு பேர் எடுத்தார்கள். மூன்று பேர் எடுப்பதற்குப் பணம் கேட்டார்கள், கொடுக்கவில்லை. யாரும் கொடுக்க வேண்டாம். மிச்சமிருந்த 54 தளங்களை மட்டும் புதிய டிஸவோ கோப்பில் எழுதினேன். சாதாரண நோட்பேடில், வரிக்கு ஒன்றாக, டொமைன் என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, தளத்தின் பெயர். ஹேஷ் குறியில் தொடங்கும் வரியில் நமக்கான குறிப்பை எழுதிக்கொள்ளலாம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்து ஏற்ற வேண்டும். புதிய கோப்பை ஏற்றினால் பழையது முழுக்கப் போய்விடும் என்பதை அறிந்தபோது எனக்கு உயிர் வந்தது. முன்பு தவறாகத் தள்ளிய கோயிலும் கல்லூரியும் பாரிஸ் அம்மாவும் அந்த ஒரே செயலில் விடுபட்டார்கள். உடனே பலன் தெரியாது, கூகுள் அந்தப் பக்கங்களுக்கு மறுபடி போய் வரும்போதுதான் கணக்கு மாறும். வாரங்கள் ஆகும்.

ஒரு சிறு இடைஞ்சலும் வந்தது. சர்ச் கன்சோலில் முழு டொமைனாகப் பதிந்திருந்தால் டிஸவோ கருவி ஏற்காது. எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் முழு முகவரியையும் கொடுத்துத் தனியே பதிய வேண்டும். அரை நாள் இதில் போனது.

பொங்கலுக்குள் ஜப்பானியப் பக்கங்கள் சில நூறாகக் குறைந்தன. மாசியில் முந்திரி பூத்துக் காய் பிடிக்கும்போது தேடலில் எங்கள் பக்கங்கள் மட்டும் நின்றன. சித்திரையில் ஆர்டர்கள் பழைய அளவைத் தொட்டன. அண்ணன் பண்ருட்டி டீக்கடைக்கு மறுபடி போகத் தொடங்கினார். சந்தேகப்பட்டதை அந்த நண்பரிடம் சொல்லிவிட்டாராம். அவர் சிரித்துக்கொண்டு, தன் தளத்தையும் ஒரு முறை பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார். ஸ்பேம் ஸ்கோர் 17-க்கு வந்திருந்தது. அதை நான் பார்த்ததே, கணக்குப் பதிவேட்டில் எழுதி வைக்க அண்ணன் கேட்டதால்தான்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, கடை திறக்குமுன், மூன்று இடங்களைப் பார்க்கிறேன்: மேனுவல் ஆக்ஷன் பக்கம், பயனர்கள் பக்கம், சைட் தேடலில் வரும் பக்கங்கள். பத்து நிமிட வேலை. பேக்லிங்க் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறேன். அதுவும் புதிதாக எங்களைப் பற்றி எழுதியவர்களுக்கு நன்றி சொல்வதற்காகத்தான். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் ஒட்டு ரகங்கள், பச்சைக் கொட்டை கிடைக்கும் பருவம், பருப்பில் வண்டு விழாமல் வைத்துக்கொள்ளும் முறை என்று எங்களுக்குத் தெரிந்ததைத் தளத்தில் எழுதி வருகிறேன். அவற்றைத் தேடி வருகிறவர்கள் தாமாகவே இணைப்புக் கொடுக்கிறார்கள்.

போன மாதம் புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். வீட்டில் அப்பளம் போட்டு விற்பவர். தன் தளத்துக்கு ஸ்பேம் ஸ்கோர் 58 என்று யாரோ சொன்னார்களாம், குரல் தழுதழுத்தது. பஸ் பிடித்துப் போனேன். காபி கொடுத்துவிட்டு, தளங்களின் பட்டியலை அச்செடுத்து வைத்திருந்ததை நீட்டினார். அதை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் பயனர்கள் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அவர் பெயருக்குக் கீழே இரண்டு முகவரிகள் இருந்தன. இரண்டும் யாருடையவை என்று அவருக்குத் தெரியவில்லை.